மாநிலம் மாறினால் பட்டியலும் மாறுகிறது: பாலியல் குற்றவாளிகள் பதிவேடு பற்றி உங்கள் அனுபவம் என்ன?

கலைவாணி (நியூயார்க்)

ஓஹையோவில் ஆறு வருடம் இருந்தோம். ஒருநாள் தபால் பெட்டியில் ஷெரிஃப் ஆபீஸ் அட்டை கிடந்தது. படம், பெயர், முகவரி, என்ன குற்றம், எல்லாமே அதில் இருந்தது. மூன்றாம் அடுக்கு, அதாவது மிகக் கடுமையான குற்றப் பிரிவில் உள்ள ஆள் ஆயிரம் அடிக்குள் குடிவந்தால் அங்கே அப்படி அனுப்புவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில், போன வருடம் இங்கே வீடு பார்த்தபோது முதல் வேலையாகத் தெருப் பெயரை நியூயார்க் பதிவேட்டின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டோம்.

ஜனவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி வந்து, என் பெண் தினமும் சைக்கிளைத் திருப்பும் இடத்தில் இருக்கிற வீட்டைக் கண்ணாலேயே காட்டினார். "அவர் பெயரும் பதிவேட்டில் உண்டு, லெவல் ஒன்" என்றார். கை அப்படியே நின்றுவிட்டது. லெவல் ஒன், அதாவது அபாயம் குறைவு என்று வகுத்த ஆட்களை, நியூயார்க் இணையத்தில் போடுவதில்லை. 800 என்று தொடங்கும் இலவச எண்ணுக்குப் போன் செய்து பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் தெரியாத ஒருவரைப் பற்றி எப்படிக் கேட்பது? நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதானே 2006-இல் ஆடம் வால்ஷ் சட்டம் என்ற மத்தியச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்?

செந்தில்

நான் ஒரு மாநிலப் பதிவேட்டு மென்பொருளில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்தவன். எந்த மாநிலம் என்பது வேண்டாம். வெளிமாநிலத்தில் தண்டனை பெற்று இங்கே குடிவந்தவர்களின் கோப்புகள் தனியாகக் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்ச் சட்டப்பிரிவை நம் பிரிவோடு ஒப்பிட்டு, எந்த அடுக்கு என்று முடிவு செய்ய வேண்டும். ஒருநாள் அங்கே இருந்த வயதான அம்மா என்னைக் கூப்பிட்டு, "உன் கண் இளசு, இதைப் படி" என்று ஒரு ஃபேக்ஸ் தாளை நீட்டினார். எண்பதுகளில் கையால் எழுதிய வழக்குக் குறிப்பு. பாதிக்கப்பட்ட பிள்ளையின் வயது 12-ஆ 17-ஆ என்று தெரியவில்லை, மை பரவியிருந்தது. 13-க்குக் கீழ் என்றால் அந்த ஆள் ஆயுள் முழுக்கப் பதிய வேண்டியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். 2 மாதிரியும் இருந்தது, 7 மாதிரியும் இருந்தது. அந்த நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டோம். நான் வேலையை விட்டு வரும்வரை பதில் வரவில்லை.

ஆட்கள் இல்லை, பணம் இல்லை. மாநிலம் ஆடம் வால்ஷ் சட்டத்தை ஏற்காவிட்டால், போலீஸ், நீதித் துறை வேலைகளுக்கு மத்திய அரசு தரும் பெர்ன் மானியத்தில் பத்து சதவீதம் போகும், அவ்வளவுதான். டெக்சாஸ் கணக்குப் போட்டபோது செலவு 3.8 கோடி டாலருக்கு மேல், இழப்பு சுமார் 14 லட்சம். எந்த அதிகாரி செலவழிப்பார், சொல்லுங்கள்?

ஜெயந்தி (கொலம்பஸ்)

கலைவாணி, அட்டை வந்ததால் ஓஹையோ சரியாகச் செய்தது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆடம் வால்ஷ் சட்டத்தை முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் என்ற பெயர் 2009-இல் ஓஹையோவுக்குத்தான் கிடைத்தது. அப்போது ஒரு வக்கீல் ஆபீஸில் உதவியாளராக இருந்தேன். பத்து வருடப் பதிவில் எட்டு வருடத்தை ஒழுங்காக முடித்த ஒருவர் வந்தார். மேசைமேல் இரண்டு கடிதங்களைப் பக்கத்துப் பக்கமாக வைத்தார். ஒன்றில் பத்து வருடம், வருடத்துக்கு ஒரு முறை. புதுச் சட்டப்படி வந்த அடுத்ததில் ஆயுள் முழுக்க, 90 நாளுக்கு ஒரு முறை நேரில் வர வேண்டும். நடுவில் அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. "எதை நம்புவது?" என்று மட்டும் கேட்டார். அவர் செய்த குற்றத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒருவர் எந்த வகை என்று நீதிபதி தீர்மானித்ததை அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) மாற்ற முடியாது என்று ஓஹையோ உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த குற்றங்களுக்கு அது செல்லாது என்று 2011-இல் இன்னொரு தீர்ப்பு. திரும்பவும் எல்லோருக்கும் கடிதம். செந்தில் சொல்வதுபோல் இது பணம் மட்டுமே அல்ல.

செந்தில்

பணம் மட்டுமே என்று நான் சொல்லவில்லை, ஜெயந்தி. ஆனால் வயது தெரியாத அந்தத் தாளை எந்தத் தீர்ப்பாலும் படிக்க முடியாது.

முத்துக்குமார்

எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம்: ஹாலோவீன் இரவில் பிள்ளைகளோடு போனபோது ஒரு வீட்டில் மட்டும் விளக்கு அணைந்திருந்தது, அங்கே இருப்பவர் பெயர் பதிவேட்டில் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. அவ்வளவுதான்.

கலைவாணி அக்கா, ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். தேசியத் தளம் என்று ஒன்று இருக்கிறது, நீதித் துறை நடத்துவது. ஆனால் மாநிலங்கள் வெளியிடுவதைத்தான் அதுவும் காட்டும். நியூயார்க் மறைக்கும் லெவல் ஒன் அங்கேயும் வராது. ஆகவே வெற்றுப் பக்கத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், மாநிலத்தின் விதியை முதலில் படியுங்கள். நியூயார்க்கில் லெவல் என்பது மறுபடி குற்றம் செய்யும் அபாயத்தை நீதிபதி எடைபோட்டுத் தருவது. மத்தியச் சட்டத்தின் அடுக்கு என்பது எந்தப் பிரிவில் தண்டனை என்பதை வைத்து வருவது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதீர்கள். அந்த மனிதரின் வாசலுக்குப் போய்ச் சண்டை போடுவதும் வேண்டாம், பதிவேட்டை வைத்து ஒருவரைத் தொல்லை செய்தால் வழக்கு உங்கள்மேல் வரும். அப்புறம், முக்கியமானது: பிள்ளைகளைச் சீண்டுகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர், டியூஷன் மாஸ்டர், குடும்ப நண்பர் என்று தெரிந்தவர்களே. பிடிபடாதவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெண்ணிடம், "யார் தொட்டாலும், மாமாவாகவே இருந்தாலும், பிடிக்கவில்லை என்றால் உடனே என்னிடம் சொல்" என்று இன்றைக்கே சொல்லுங்கள். இந்தியாவில் 2018-இல் தொடங்கிய பதிவேட்டைப் போலீஸ் மட்டும்தான் பார்க்க முடியும், அங்கே இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள்.

கலைவாணி (நியூயார்க்)

சொல்லிவிட்டேன் தம்பி, அன்று இரவே. சைக்கிளை இப்போது நம் வீட்டு வாசலிலேயே திருப்புகிறாள். ஜெயந்தி, அந்த இரண்டு கடிதக்காரர் என்ன ஆனார்? பெயரை எடுத்தார்களா?

ஜெயந்தி (கொலம்பஸ்)

ஓஹையோவில் பழைய பத்து வருடத்துக்கே திரும்பினார், அதுவும் முடிந்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் வேலை தேடிப் பக்கத்து மாநிலம் போயிருந்தார். அங்கே அவர்கள் கணக்கில் புதிதாகப் பதிந்துகொண்டார்கள்.