தாழ்த்திய போலோவில் 17 அங்குல அலாய் வீல்: பின்னால் உரசுகிறது, 80-இல் அதிர்கிறது

பீளமேட்டு வாசி:
வணக்கம். கோவையில் 2014-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ கார் வைத்திருக்கிறேன். போன மாதம் ஸ்ப்ரிங் மாற்றி 40 மி.மீ. தாழ்த்தினேன். பழைய 15 அங்குல வீலோடு ஓடியவரை எந்தச் சத்தமும் இல்லை. பிறகு நெடுநாள் ஆசைப்பட்டு 17 அங்குல அலாய் வீலும் 205/45 டயரும் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம்) வாங்கி மாட்டினேன். அன்றோடு நிம்மதி போயிற்று. பின்னிருக்கையில் மூவர் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரம் தேய்கிறது. சேலம் சாலையில் 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் அதிர்கிறது. இரண்டு முறை பேலன்சிங் செய்தாயிற்று. வீல் கடைக்காரர் ஸ்ப்ரிங்கைக் குறை சொல்கிறார். ஸ்ப்ரிங் மாட்டியவர் வீலைக் குறை சொல்கிறார். யார் சொல்வது சரி?

திருச்சி பட்டறை:
தம்பி, வீலைக் கழற்றி உள்முகத்தைப் பாருங்கள். அகலம், ஆஃப்செட், நடுத்துளை எல்லாம் வார்ப்பிலேயே இருக்கும். அந்த எண்கள் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். பின் மட்கார்டு விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, மூவரை ஏற்றி ஒரு வேகத்தடையைக் கடந்து, எங்கே அழிந்திருக்கிறது என்றும் எழுதுங்கள்.

பீளமேட்டு வாசி:
பார்த்துவிட்டேன் அண்ணா. 17 x 7.5ஜே (விட்டமும் அகலமும் அங்குலத்தில்), ஈ.டி. (ஆஃப்செட்) 35 மி.மீ., 5 x 100 (ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), நடுத்துளை 73.1 மி.மீ. கழற்றிய பழைய வீல் 15 x 6ஜே, ஈ.டி. 40, டயர் 185/60. சாக்பீஸ் கோடு வளைவின் உச்சியில், உள்ளே மடிந்திருக்கும் தகட்டு ஓரத்தில் அழிந்திருக்கிறது. டயரின் வெளித்தோளிலிருந்த மெல்லிய ரப்பர் முடிகள் சுத்தமாகச் சிரைக்கப்பட்டிருக்கின்றன.

திருச்சி பட்டறை:
இப்போது கணக்குப் பார்க்கலாம். ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் (வண்டியில் வீலைத் தாங்கும் நடுப்பகுதி) உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து வெளிவிளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரியும். பழைய வீலில் 6 அங்குலத்தில் பாதி 76 மி.மீ., கழித்தல் 40, அதாவது 36 மி.மீ. புதியதில் 95 கழித்தல் 35, அதாவது 60. ரிம் மட்டும் 24 மி.மீ. வெளியே வந்துவிட்டது. டயரின் பக்கச்சுவர் சுமார் 15 மி.மீ. வந்திருக்கும். போதாததற்கு டயரின் விட்டமும் 603-இலிருந்து 616 மி.மீ. ஆகிவிட்டது, மேலே இன்னும் ஆறரை மி.மீ. இடம் போயிற்று. நீங்கள் ஏற்கெனவே 40 மி.மீ. தாழ்த்திய வண்டி அது!

பின்னால் மட்டும் உரசுவதற்குக் காரணம் உண்டு. முன்சக்கரம் மேலே ஏறும்போது டயரின் தலை சற்று உள்ளே சாயும், மட்கார்டுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். இரு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சாயாமல் நேராகவே ஏறும். வெளியே நிற்கும் டயர் நேரே போய்த் தகட்டில் இடிக்கிறது. ஆகவே ஸ்ப்ரிங்கின் மீது பழி இல்லை. அந்தத் தாழ்வுக்கு இந்த வீல் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதிர்வுதான் எனக்குக் கவலை. போலோ ஹப்பின் நடுமேடு 57.1 மி.மீ. உங்கள் வீலின் துளை 73.1. இடைவெளியை நிரப்பாவிட்டால் வீல் சரியாக மையத்தில் உட்காராமல் அதிரலாம். இடையில் வளையம் போட்டிருக்கிறார்களா? போல்ட் எது, வண்டியோடு வந்ததா, புதியதா?

கடலூர் ஓட்டுநர்:
நான் அந்தத் தகட்டு ஓரத்தை உருட்டி மடித்தேன். உரசல் நின்றது. ஆனால் உள்ளே பெயின்ட் வெடித்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு மழைக்காலம் போனதும் விளிம்பு முழுக்கத் துரு. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பீளமேட்டு வாசி:
வளையம் எதுவும் இல்லை. போல்ட் பழையதுதான்.

திருச்சி பட்டறை:
அப்படியானால் வண்டியை இன்றே நிறுத்துங்கள். உரசலை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஃபோக்ஸ்வாகனின் அசல் போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்குக் கீழே வீலில் உட்காரும் பகுதி பந்தைப் போல உருண்டிருக்கும். வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் புனல் போன்ற 60 பாகைக் கூம்புக் குழிதான் இருக்கும். புனலில் கோலிக்குண்டைப் போட்டால் எப்படி உட்காரும்? ஒரே ஒரு மெல்லிய வட்டத்தில்தான் தொடும். முறுக்கும்போது இறுகியதுபோல் தெரியும், ஓட ஓடத் தளரும். குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பாக ஒற்றைக் கோடு தெரிந்தால் நான் சொன்னதுதான்.

எம்14 x 1.5, கூம்புத் தலை போல்ட் வாங்குங்கள். கையால் முறுக்கும்போது குறைந்தது 8 முழுச் சுற்று ஏற வேண்டும். 73.1-க்கு 57.1 வளையம் நான்கு. டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) 120 நியூட்டன் மீட்டர், குறுக்குமறுக்காக. 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஹப்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்த பிறகே வீலை ஏற்றுங்கள்.

சென்னை வாசகர்:
ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்ப்ரிங்கும் வீலும் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு வாதாடிப் பயனில்லை.

பீளமேட்டு வாசி:
எட்டுக் குழியில் அந்தப் பளபளக்கும் கோடு இருந்தது. முன் இடது வீலில் இரண்டு போல்ட் ஸ்பானரை வைத்ததுமே சுழன்றது. அம்மாவை உட்கார வைத்து இந்த வீலில்தான் ஈரோடு போய் வந்தேன். நினைத்தால் கை நடுங்குகிறது. அன்றே பழைய 15 அங்குல வீலை அசல் போல்ட்டோடு மாட்டிவிட்டேன். இனி எந்த அளவு வாங்கலாம் அண்ணா? ஸ்பேசர் போட்டால் இந்த வீலையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர்.

திருச்சி பட்டறை:
ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு, அது வீலை இன்னும் வெளியேதான் தள்ளும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அந்த வீலை விற்றுவிடுங்கள்.

16 x 7ஜே, ஈ.டி. 40, 5 x 100 தேடுங்கள். டயர் 195/50 ஆர்16. விட்டம் 601 மி.மீ., பழைய டயரோடு ஏறக்குறைய சமம். பக்கச்சுவர் 7, 8 மி.மீ.தான் வெளியே வரும். சுமைக் குறியீடு உங்கள் பழைய டயரில் இருப்பதுபோல் 84-க்குக் குறையக் கூடாது. 17-தான் வேண்டும் என்றால் 205/40 இருக்கிறது. ஆனால் நம் சாலைக் குழிகளில் அந்த மெல்லிய டயர் ரிம்மைக் காப்பாற்றாது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வீலை மட்டும் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். முன்னால் ஸ்டியரிங்கை இரு கோடி வரை திருப்பி, ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்ப்ரிங்கைத் தாங்கும் தூண்) டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பின்னால் மூவரை உட்கார வைத்து இடைவெளியை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். ஸ்ப்ரிங் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் செய்தீர்களா? இல்லையென்றால் முன்டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேயும்.

பீளமேட்டு வாசி:
அலைன்மென்ட் செய்யவில்லை அண்ணா, அதையும் சேர்த்தே முடித்தேன். நீங்கள் சொன்ன அளவிலேயே 16 அங்குல வீல் கிடைத்தது. 17-ஐ நஷ்டத்துக்கு விற்றேன். கூம்பு போல்ட், வளையம், 120-இல் முறுக்கல் எல்லாம் என் கண் முன்னால் நடந்தன. அதே மூவரோடு அதே வேகத்தடைகளைக் கடந்தேன். சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது. 100-இலும் ஸ்டியரிங் அசையவில்லை. நாளை 100 கிலோமீட்டர் நிறைகிறது. காலையில் ரெஞ்சை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.