டெர்மன் அப்படி என்னதான் செய்தார்?

தொழில் நிறுவனங்களோடு தொடர்பு ஏற்படுத்தும் பொறுப்பை எங்கள் துறையில் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் 11 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, நடந்த வேலை பூஜ்யம். கூட்டத்துக்குக் கூட்டம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடரிக் டெர்மனை உதாரணம் காட்டுகிறார்கள். அவர் அப்படி என்னதான் செய்தார்?

பதில் 1:
அவர் ஒப்பந்தத்திலிருந்து தொடங்கவில்லை, மாணவர்களிடமிருந்து தொடங்கினார். எச்.பி. (HP) கம்பெனியைத் தொடங்கிய ஹியூலெட், பேக்கர்ட் இருவருமே அவரிடம் படித்தவர்கள். வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட பேக்கர்டை உதவித்தொகை ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தார். 1939-இல் பிறந்த அவர்களுடைய கம்பெனியின் முதல் சரக்கே ஹியூலெட் ஆய்வேட்டுக்காகச் செய்த ஒலி அலை ஆக்கிதான். டீன் பதவியெல்லாம் அப்புறம் வந்தது.

பதில் 2:
நிலத்தை மறந்துவிட்டீர்களே! ஸ்டான்ஃபோர்டுக்கு நன்கொடையாக வந்த நிலம், விற்கக்கூடாது என்று நிபந்தனை. அதனால் 1951-இல் தொழில் பூங்கா அமைத்துக் குத்தகைக்கு விட்டார்கள். முதலில் வந்தது வேரியன் என்ற மின்னணுக் கம்பெனி. போருக்குப் பிறகு ராணுவ ஆய்வுப் பணமும் கொட்டியது. இதெல்லாம் இல்லாத இடத்தில் டெர்மனே வந்தாலும் திண்டாடியிருப்பார்.

கேட்டவர்:
சரி, நிலமும் இல்லை, ராணுவமும் இல்லை. பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். எந்த அலமாரியில் அந்தப் பட்டியல் கிடக்கிறதோ, நாளைக்குத் தேடுகிறேன்.