அண்ணக்கதவா, வளியிசையா? (கலைச்சொல் இழை)

வணக்கம். அண்ணப்பிளவு (மேல்வாய்ப் பிளவு) அறுவை முடிந்த பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேசும்போது மெல்லண்ணம் (மேல்வாயின் மென்மையான பின்பகுதி) எழும்பி மூக்குவழியை மூடுகிறதா என்று காற்றை அளந்து பார்க்கும் சோதனைக்குப் பெயர் வேண்டும். ஒரு நாசித்துளையில் நுண்குழாயைத் தக்கையால் இறுக்கி அழுத்தம் எடுப்பார்கள்; மற்றத் துளையிலிருந்து ஒரு குழாய் காற்றோட்டமானிக்குப் போகும்; இன்னொரு நுண்குழாய் வாய்க்குள், உதட்டுக்குப் பின்னால். 'மூக்குக் கசிவுச் சோதனை' என்று போட்டிருக்கிறேன்.

> மூக்குக் கசிவு

சளிக்கு மருந்து கேட்டு வருவார்கள். 'மெல்லண்ண அடைவு' எனலாமே.

> அடைவு

அது பள்ளிக்கூடத்து அடைவுத் தேர்வு. 'அடைப்பு' என்றாலோ மூக்கடைப்பு. என் ஓட்டு 'அண்ணக்கதவு'க்கு. கையேட்டில் 'அன்னம்' என்று அடித்துவிடாதீர்கள், பாதிப் பலகைகளில் பறவையைத்தான் பிளந்து வைத்திருக்கிறார்கள்.

> அண்ணக்கதவு

மெல்லெழுத்து ஆறும் 'மூக்கின் வளியிசை யாப்புறத் தோன்றும்' என்று தொல்காப்பியரே சொல்லியிருக்க, கதவும் சன்னலும் எதற்கு? 'வளியிசைச் சோதனை'. முடிந்தது.

> வளியிசை

முடியவில்லை ஐயா. இசை என்றால் ஒலி. ஒலியை அளப்பது வேறு கருவி. மூக்கொலியை, மூக்கொலியும் வாயொலியும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து விழுக்காடு தரும். இங்கே அளப்பது மூக்கின் காற்றோட்டமும், வாய்க்கும் மூக்குக்கும் உள்ள அழுத்த வேறுபாடும். ஆய்வாளர்கள் வாரனும் டூபாயும் 1964இல் தந்த சமன்பாட்டில் (மாறிலி 0.65) போட்டால், மெல்லண்ணம் மூடாமல் விட்ட துளையின் பரப்பு கிடைக்கும். நொடிக்கு 100 மி.லி., வேறுபாடு 5 செ.மீ. நீரழுத்தம் என்றால் ஏறத்தாழ 5 ச.மி.மீ. அதற்குள் இருந்தால் நல்ல மூடல், 20ஐத் தொட்டால் போதாது, இடைப்பட்டதெல்லாம் இழுபறி. வாய்க்குழாயில் எச்சில் அடைத்தால் அழுத்தம் குறைந்து துளை பெரிதாகத் தெரியும். தக்கை தளர்ந்தால் துளை சிறுத்து, குறையே மறைந்துவிடும்.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. சோதனையின்போது ஆங்கிலத்தில் 'ஹாம்ப்பர்' (hamper) என்று பிள்ளையைச் சொல்லச் சொல்வது, மகரத்திலிருந்து பகரத்துக்குக் கதவு எவ்வளவு விரைவாக மூடுகிறது என்று பார்க்க. நம் 'பாம்பு' அதற்கு ஈடாகாது; மெல்லினத்தை அடுத்த பகரம் குரல் அதிர்ந்து ஒலிப்பதால் வாயழுத்தம் தாழ்ந்துவிடும். 'பாப்பா' மூடலை மட்டும் காட்டும். 'கம்ப்யூட்டர்' பொருந்துகிறது.

> கம்ப்யூட்டர்

தமிழ்ச் சோதனைக்கு அந்தச் சொல்தானா? கணினி இருக்கிறதே!

> கணினி

அதில் பகரம் எங்கே?

சரி, நேரமில்லை. மூவர் 'அண்ணக்கதவுக் காற்றளவு' என்கிறார்கள், இருவர் மறுக்கிறார்கள். அதுவே போகிறது.

> அண்ணக்கதவுக் காற்றளவு

மறுப்பைப் பதிந்து வைக்கிறேன். அண்ணம் மட்டுமா அசைகிறது? தொண்டையின் பக்கச்சுவர்களும் உள்வாங்குகின்றன. அது கதவே அல்ல, சுருக்குப்பை. இரண்டாம் பதிப்பிலாவது 'அண்ணச்சுருக்கு' என்று மாற்றுங்கள்.