ரேடாரில் நீர்த்தூண் தெரிவதில்லையே, எதைப் பார்த்து முன்கூட்டிச் சொல்வது?

கடல்வானம்:
அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் வரும் நீர்த்தூண்களை, அதாவது கடல்மேல் சுழலும் காற்றுத்தூண்களான வாட்டர்ஸ்பவுட்களை, கீ வெஸ்ட் டாப்ளர் ரேடாரின் பழைய பதிவுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். 60 கிமீ தள்ளி ஒன்றைப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது. அதே நேரத்தில் 0.5 பாகை சாய்வில் எடுத்த திசைவேகப் படத்தில் (காற்று ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று காட்டுவது) சுழற்சியே இல்லை. எச்ஆர்ஆர்ஆர் (HRRR) என்ற அமெரிக்கக் குறுகியகால வானிலை மாடலிலும் சாதாரண மழைதான். எங்கே தவறுகிறேன்?

கற்றைக்கணக்கு:
தவறு உங்களிடம் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. 60 கிமீ தூரத்தில் 0.5 பாகைக் கற்றையின் நடுப்பகுதி கடலுக்குமேல் சுமார் 700 மீ உயரத்தில் போகும், அகலமோ ஏறக்குறைய 1 கிமீ. நீர்த்தூணின் குறுக்களவு பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். ரேடார் படத்தின் ஒரே கட்டத்துக்குள் வரும் காற்றும் போகும் காற்றும் சராசரியாகி, சுழற்சி கரைந்துவிடும். ஆயுளும் பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், 5 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் இரண்டு மூன்று படத்திலேயே கதை முடியும்.

அதனால் தூணைத் தேடாதீர்கள், அது பிறக்கும் கோட்டைத் தேடுங்கள். லெவல் 2 தரவை, அதாவது ரேடாரின் முழுத் துல்லியத் தரவை எடுத்து, 20 டிபிஇசட்டுக்கு (dBZ, எதிரொலியின் வலிமையை அளப்பது) கீழே உள்ளதும் தெரியும்படி வண்ண அளவை மாற்றுங்கள். பல மென்பொருள்களில் அந்தப் பகுதி இயல்பாகவே மறைந்திருக்கும். பக்கத்து மழையிலிருந்து வெளியேறும் குளிர்காற்றின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். அது தீவுகளையொட்டி நிற்கும் மேக வரிசையில் மோதுமிடமும், அங்கே புதிதாக முளைக்கும் சின்ன எதிரொலியும்தான் கவனிக்க வேண்டியவை. தூரம் கூடினால் கற்றை மேலே போய்விடும், கோடும் காணாமல் போகும். அப்போது ஜிஓஇஎஸ் (GOES) வானிலைச் செயற்கைக்கோளின் 0.5 கிமீ பகல்நேரப் படமே துணை.

இன்னொன்று: பலர் 50 டிபிஇசட் சிவப்பைப் பார்த்துப் பதறுவார்கள். சாதுவான வானிலைத் தூண்கள், அதாவது பெரும்புயல் இல்லாதபோது வருபவை, மேகம் வளரும்போதே பிறப்பவை. மழை கொட்டி அதன் குளிர்காற்று தூணைத் தொட்டதும் அது தேய்ந்துவிடும். சிவப்பு வருவதற்குள் பல நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

அளவுகோல்:
முதல் நாளே நிலைமையைக் கணிக்க ஸிலாகி குறியீடு இருக்கிறது. கனடா வானிலையாளர் வேட் ஸிலாகி வட அமெரிக்கப் பேரேரிகளுக்காக உருவாக்கியது. கடல் அல்லது ஏரி நீரின் வெப்பநிலைக்கும் 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்து (சுமார் 1.5 கிமீ உயரம்) வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு, மேகத்தின் ஆழம், 850 மட்டத்துக் காற்று ஆகிய மூன்றும் போதும். காற்றின் வேகம் 40 நாட்ஸுக்கு (knots, மணிக்குச் சுமார் 74 கிமீ) கீழே இருக்க வேண்டும். குறியீடு 0 அல்லது அதற்கு மேல் என்றால் வாய்ப்பு உண்டு.

கீஸில் இதை அப்படியே போட்டால் ஏமாறுவீர்கள். கோடையில் நீர் 30 பாகை செல்சியஸ், 850 மட்டம் 18 என்றால் வேறுபாடு 12. இது அங்கே அன்றாட நிலை. பெரும்பாலான நாள்களில் 'சாதகம்' என்று சொல்லும் குறியீட்டால் என்ன பயன்? அங்கே பிரித்துக் காட்டுவது கீழ்மட்டக் காற்றுதான். காலை 12 யூடிசி (உலகப் பொது நேரம்) வானிலை பலூன் பதிவில் தரையிலிருந்து 700 ஹெக்டோபாஸ்கல் மட்டம் (சுமார் 3 கிமீ உயரம்) வரை காற்று 10 நாட்ஸைத் தாண்டாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடல்வானம்:
அப்படியானால் எச்ஆர்ஆர்ஆரை ஒதுக்கிவிடலாமா?

கற்றைக்கணக்கு:
வேண்டாம், அது காட்டும் மழையை விட்டுவிட்டு 10 மீட்டர் உயரத்துக் காற்றைப் பாருங்கள். அந்த மாடலின் 3 கிமீ கட்டத்தில் தூண் வரவே வராது, ஆனால் காற்று குவியும் கோடு வரும். அந்தக் கோடு கிடக்கும் இடத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கீஸில் பல தீவுகளின் அகலம் ஒரு கட்டத்தைவிடக் குறைவு. மாடலுக்கு அவை நிலமாகவே தெரியாமல் போகலாம். அதனால் மேக வரிசை இடம் மாறும், தாமதமாகவும் எழும். மாடலின் அடுத்தடுத்த மூன்று நான்கு ஓட்டங்களில் கோடு நிலையாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

அளவுகோல்:
எச்சரிக்கை விடும் நேரத்தில் கண்ணால் பார்த்த தகவலுக்கு ஈடில்லை. படகில் இருப்பவர்களிடம் மேகத்தில் தொங்கும் புனலை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். அமெரிக்க வானிலை ஆய்வாளர் ஜோசப் கோல்டன் கீஸில் வகுத்த, நீர்த்தூணின் ஐந்து வளர்ச்சி நிலைகளில் முதலாவது, நீர்ப்பரப்பில் தோன்றும் கரும்புள்ளி. அடுத்தது சுருள் வரிகள், அதன் பிறகே தெறிப்பு வளையம். புனல் முழுசாகக் கீழே இறங்குவதற்கு முன்பே சுழல் நீரைத் தொட்டிருக்கும்.