புதுப்பிப்பு: ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து 5 வாரம்

ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்கிறது, மாத்திரைக்கும் கேட்கவில்லை, டி.யு.ஆர்.பி. என்ற அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஈரோட்டில் செய்துகொண்டேன். வெளியே தையல் கிடையாது. சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, அடைத்திருந்த சதையைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். சிறுநீர் போக வைத்திருந்த டியூபை எடுத்த அன்று எரிச்சல் கடுமை. ஆனால் தாராளமாகப் போனபோது கண் கலங்கிவிட்டது.

12ஆம் நாள் திடீரென்று சிறுநீர் சிவப்பாக வந்தது. பயந்தே போனேன். உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும்போது அப்படி வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார் டாக்டர். மறுநாள் தெளிந்தது. கட்டி கட்டியாக வந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே ஓடுங்கள்.

தோட்டத்துக்குப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம். மொபட்டும் தேங்காய் மூட்டையும் 6 வாரத்துக்குக் கூடாது. முக்கவும் கூடாது என்பதால் வீட்டுக்காரம்மா தினம் கீரையும் ராகிக் களியும் தருகிறார்.

அப்புறம், கேட்கக் கூச்சப்படும் விஷயம்: உறவின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயாப்சியில் (எடுத்த சதையைப் பரிசோதித்ததில்) புற்று இல்லை. ராத்திரி 5 தடவை எழுந்தவன் இப்போது 2 தடவைதான். சிறுநீர் வந்தால் அடக்க முடியாத அவசரம் மட்டும் இன்னும் முழுதாக அடங்கவில்லை.