ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து பூட் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருப்பூர்_கட்டிங்
சனிக்கிழமை, சம்பள நாள். கம்பெனிக் கணக்கு சிஸ்டத்தில் விண்டோஸ் வரவே இல்லை. உபுண்டு லினக்ஸின் ஐஎஸ்ஓவை (முழு நிறுவல் டிஸ்கையும் ஒரே கோப்பாக்கியது) பென்டிரைவில் காப்பி செய்து செருகினேன். பூட் டிவைஸ் இல்லை என்றது. நாலு தடவையும் அதேதான். சும்மா காப்பி செய்தால், கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் பயாஸுக்கு அது வெறும் கோப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாதுங்க. பக்கத்து யூனிட் தம்பி வந்து பென்டிரைவில், ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்யவைக்கும் வென்டாய் என்ற மென்பொருளைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவை மறுபடி காப்பி செய்தான். மெனு வந்துவிட்டது. நிறுவாமல் 'ட்ரை உபுண்டு' கொடுத்து டி டிரைவைத் திறந்தால், கூலிக் கணக்கு ஃபோல்டர் வெள்ளிக்கிழமைத் தேதியோடு அப்படியே இருந்தது. வாசலில் டெய்லர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஃபோல்டர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பவானி_ஆற்றோரம்
என் லேப்டாப்பில் யூஎஸ்பி போர்ட் இரண்டும் போய்விட்டன. அதனால் ஐஎஸ்ஓவை ஹார்ட் டிஸ்கிலேயே வைத்து, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் மெனுவில், ஐஎஸ்ஓவை டிஸ்க் போலத் திறக்கும் லூப்பேக் வரி எழுதினேன். 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'. எழுத்துப் பிழையா என்று இரண்டு ராத்திரி தேடினேன். கடைசியில் க்ரப் கமாண்டில், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்து ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் திறந்தபோதுதான் பிடிபட்டது. எனக்கு ஹோம், அதாவது என் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர், தனிப் பார்ட்டிஷன். அதற்குள்ளிருந்து பார்த்தால் பாதையில் 'ஹோம்' என்ற சொல்லே கிடையாது! நான் எழுதியிருந்த அந்தச் சொல்லை எடுத்ததும் லினக்ஸின் மையமான கர்னல் ஏறியது.

பீளமேடு_77
திருப்பூர் அண்ணா, வென்டாய் போட்டால் முடிந்தது என்கிற மாதிரி எழுதிவிட்டீர்கள். அதை நிறுவும்போதே பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதைச் சொல்ல வேண்டாமா? நான் ஒருமுறை ஐஎஸ்ஓவை டிஸ்கில் நேராக எழுதும் டிடி கமாண்டில், பென்டிரைவின் பெயரான எஸ்டிசிக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்கின் பெயரான எஸ்டிபி என்று அடித்து எண்டர் தட்டினேன். பென்டிரைவ் விளக்கு எரியவில்லை. பக்கத்திலிருந்த ஹார்ட் டிஸ்க் விளக்கு சிமிட்டியது. தங்கச்சி கல்யாண போட்டோ முழுக்க அதில்தான்.

அதனால் சொல்கிறேன். முதலில் டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டை அடித்து, டிஸ்கின் அளவைப் பார்த்து எது பென்டிரைவ் என்று உறுதி செய்யுங்கள். கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண், இறக்கிய ஐஎஸ்ஓவுக்கு தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. வென்டாய் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்வதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை. நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் வென்டாய் முதல் தடவை சாவியைப் பதியச் சொல்லும், பயப்படாமல் பதியுங்கள். பவானிக்காரரே, உங்கள் லூப்பேக் வழி லினக்ஸுக்குச் சரி. விண்டோஸ் ஐஎஸ்ஓவை அப்படி நேராக ஏற்ற முடியாது.

திருப்பூர்_கட்டிங்
சரிங்க தம்பி, அழியும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு அது காலிப் பென்டிரைவ். தங்கச்சி போட்டோ ஏதாவது மீண்டதா?

பீளமேடு_77
ஆல்பம் போட்ட ஸ்டூடியோவில் நாற்பது படம் இருந்தது. தாலி கட்டும் படம் அதில் இல்லைங்க.