10 டிகிரி கூடுனா வினை வேகம் ரெட்டிப்பு, ஆனா மோதல் அவ்வளவு கூடலயே? பிளஸ் டூ கெமிஸ்ட்ரி சந்தேகம்

அம்பை பிளஸ்டூ:

எல்லாருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கம், தமிழ் மீடியத்துல பிளஸ் டூ படிக்கேன். வேதிவினை வேகவியல் பாடத்துல டெஸ்ட் வச்சாங்க, வெப்பநிலை கூடும்போது வினை வேகம் ஏன் கூடுதுன்னு 3 மார்க் கேள்வி. சூடு கூடுனா மூலக்கூறு வேகமா ஓடும், வேகமா ஓடுனா நிறைய மோதும், நிறைய மோதுனா வினை சீக்கிரம் நடக்கும்னு எழுதினேன், 1 மார்க்தான் போட்டிருக்காங்க. ஏன்னு கேட்டதுக்கு புக்க நல்லா படின்னுட்டாங்க. ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன், படிச்சபெறவு குழப்பம் கூடிட்டு. மூலக்கூறோட சராசரி வேகம் வெப்பநிலையோட வர்க்கமூலத்தப் பொறுத்துதான கூடும், 298 கெல்வின்ல (25 டிகிரி செல்சியஸ்) இருந்து 308க்கு போனா 1.017 மடங்குதான் வருது, நூத்துக்கு ரெண்டு கூட கூடல. ஆனா 10 டிகிரிக்கு வேகம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும்னு அதே பாடத்துல போட்டிருக்கு. மிச்சம் எங்க இருந்து வருது? மனப்பாடம் பண்ணி எழுதிருவேன், புரியாம எழுத மனசு வரல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை மாவுக்கடை:

தாயி, எனக்கு ஃபார்முலா எல்லாம் தெரியாது. பாளையங்கோட்டையில 11 வருஷமா இட்லி மாவு அரைச்சு விக்கேன், அந்த 10 டிகிரி என்ன செய்யும்னு எனக்கு கைக்குத் தெரியும். குத்தாலத்துல சாரல் விழுத மாசத்துல ராத்திரி கரைச்சு வச்ச மாவு விடிஞ்சாத்தான் பொங்கி நிக்கும், அதே அரிசி அதே உளுந்து அதே உப்பு, சித்திரை மாசம் 5 மணி நேரத்துல சட்டிய விட்டு வழிஞ்சு தரையில கெடக்கும். கிரைண்டர் ஓடுத சூட்டுலயே மாவு சூடாயிரும், அதனால அக்னி நட்சத்திரத்துல ஐஸ் தண்ணி ஊத்தித்தான் அரைக்கது, நடுவுல நடுவுல புறங்கைய மாவுல வச்சுப் பாப்பேன், லேசா வெதுவெதுன்னு பட்டாலே நிப்பாட்டிட்டு இன்னும் ஒரு செம்பு ஐஸ் தண்ணி. நீ சொல்லுத மாதிரி நூத்துக்கு ரெண்டுதான் வித்தியாசம்னா என் கைக்கு அது தெரிஞ்சே இருக்காதுல்லா. நல்ல கேள்வி கேட்டிருக்க, பதில் தெரிஞ்சவங்க எழுதட்டும், நானும் படிக்கேன்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்:

அம்மா, உன் கணக்குல ஒரு தப்பும் கெடையாது. இந்தப் பாடத்த ரொம்ப வருஷம் நடத்தியிருக்கேன், 1.017ன்னு கணக்கு போட்டுட்டு வந்து கேட்ட பிள்ளைங்க ரொம்பக் கொறச்சல்.

மோதலுக்கு எப்பவுமே பஞ்சம் இல்ல, மொதல்ல இத மனசுல வாங்கிக்க. நம்ம சாதாரண காத்தழுத்தத்துல 298 கெல்வின்ல ஒரு வாயு மூலக்கூறு விநாடிக்கு பல நூறு கோடி தடவ பக்கத்துல உள்ளதோட மோதுது. மோதுனதெல்லாம் வினையா மாறும்னா எந்த வினையும் விநாடிக்குள்ள முடிஞ்சு போயிரணும், கேஸ் அடுப்பத் திறந்த மாத்திரத்துல தீக்குச்சி இல்லாமலே பத்திரணும். பத்தலல்லா, ஏன்னா மோதுத ரெண்டுக்கும் சேத்து ஒரு குறைஞ்சபட்ச ஆற்றல் இருந்தாத்தான் பழைய பிணைப்பு உடையும், அதுதான் கிளர்வு ஆற்றல், ஆக்டிவேஷன் எனர்ஜி.

இப்ப அது ஒரு மோலுக்கு 50 கிலோ ஜூல் உள்ள ஒரு வினைய எடுத்துக்க. 298 கெல்வின்ல 100 கோடி மோதல்ல அந்த அளவு ஆற்றலோட நடக்கது எத்தனை தெரியுமா, சுமார் 1.7. நூறு கோடிக்கு ரெண்டு கூட இல்ல! 308ல அதையே போட்டுப் பாரு, 3.3 வரும். மொத்த மோதல் நீ சொன்ன மாதிரி நூத்துக்கு ரெண்டு கூட கூடல, அதுல தேறுத மோதல் மட்டும் ரெட்டிப்பாயிட்டு. நீ தேடுத மிச்சம் அங்கதான் இருக்கு. மேக்ஸ்வெல் போல்ட்ஸ்மேன் வரைபடத்த, அதாவது எந்த ஆற்றல்ல எத்தனை மூலக்கூறு இருக்குன்னு காட்டுத படத்த, ரெண்டு வெப்பநிலைக்கும் ஒரே தாள்ல வரைஞ்சு பாரு, உச்சி கொஞ்சம் வலது பக்கம் நகந்து தாழும், வால் பக்கம் தடிக்கும், கிளர்வு ஆற்றலுக்கு ஒரு கோடு போட்டு அதுக்கு அப்புறம் உள்ள வால மட்டும் நிழலடிச்சா கண்ணுக்கே தெரியும்.

சூட்டுக்கும் வேகத்துக்கும் உள்ள சமன்பாட்ட ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் 1889லயே கொடுத்துட்டாரு. அதுக்குப் பின்னால மோதல் இருக்குன்னு 1916ல ஜெர்மனியில ட்ராட்ஸ், 1918ல இங்கிலாந்துல லூயிஸ், ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுனாங்க. முதல் உலகப்போர் நடந்த சமயம், அவர் எழுதுனது இவருக்குத் தெரியாது. எனக்கு இத நினைக்கும்போதெல்லாம் ஆச்சரியமா இருக்கும்.

மாவுக்கடை அக்கா, உங்க மாவுல வேலை பாக்கது உயிருள்ள நுண்ணுயிரி, அதுக்குள்ள உள்ள நொதி, அதாவது என்சைம். ஒரு அளவு வரைக்கும்தான் சூடு கூடக்கூட வேகம் கூடும், ரொம்பச் சூடானா நொதி கெட்டுப்போயி மாவு பொங்கவே பொங்காது.

தீப்பெட்டி ஆபீஸ்:

வாத்தியார் தீக்குச்சின்னு எழுதுனதப் பாத்து வந்துட்டேன். எங்க அம்மா, ரெண்டு அத்தை எல்லாரும் கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்கு போனவங்க, நானும் லீவுக்கு லீவு போயி மருந்து முக்குத எடத்துல நின்னிருக்கேன்.

தங்கச்சி, ஒரு தீப்பெட்டிய கையில எடு. குச்சித் தலையில பொட்டாசியம் குளோரேட் இருக்கு, பெட்டி ஓரத்துல சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கு. குச்சிய மெதுவா இழு, ரெண்டு மருந்தும் தொடத்தான் செய்யுது, பத்தாது. சடார்னு உரசு, பத்திக்கிடும், உரசுன சூடுதான் அந்த குறைஞ்சபட்ச ஆற்றலக் குடுக்கு. இன்னொண்ணு, குச்சியத் திருப்பி வால் பக்கத்த உரசு, எவ்வளவு வேகமா உரசுனாலும் பத்தாது, மருந்து இருக்க முனை படணும்லா. உங்க புக்குல திசையமைவுன்னு ஒண்ணு வரும், மூலக்கூறு சரியான பக்கமா மோதணும்னு, அது எனக்கு இந்தக் குச்சிய வச்சுத்தான் புரிஞ்சது.

தூளோட பருமனும் பெரிய விஷயம். நைசா அரைக்க அரைக்க வெளியில தெரியுத பரப்பு கூடும், மோதுத எடம் கூடும். அதனாலதான் குளோரேட்டையும் கந்தகத்தையும் காஞ்சபடி ஒண்ணாப் போட்டு அரைக்கவே கூடாதுன்னு அவ்வளவு கண்டிப்பா சொல்லுவாங்க, மருந்த ஈரத்துலதான் கலக்கது. தயவுசெஞ்சு யாரும் வீட்ல இத செஞ்சு பாக்காதிய. பாக்கணும்னா முட்டைத்தோடு போதும், பாதி தோட்ட அப்படியே ஒரு டம்ளர்ல போடு, பாதிய அம்மியில பொடிச்சு இன்னொரு டம்ளர்ல போடு, ரெண்டுலயும் ஒரே அளவு வினிகர் ஊத்து. பொடி நுரைச்சுப் பொங்கும், முழுத்தோட்டுல பொட்டுப் பொட்டா குமிழிதான் வரும்.

அம்பை பிளஸ்டூ:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. முட்டைத்தோடு ராத்திரியே செஞ்சு பாத்துட்டேன், அம்மாவும் தம்பியும் கூட நின்னு பாத்தாங்க. சார் சொன்ன 50 கிலோ ஜூல லாக் டேபிள் வச்சு போட்டேன், 0.2845 வந்தது, ஆன்டிலாக் 1.925, அதாவது 308ல வேகம் 298ல இருந்ததுக்கு 1.925 மடங்கு. அந்த நிமிஷம் எழும்பி நின்னுட்டேன் சார். பெறவு சும்மா 100 கிலோ ஜூல் வச்சுப் போட்டேன், 3.707 வருது. அப்ப ரெட்டிப்புங்கது எல்லா வினைக்கும் இல்லையா? இன்னொரு சந்தேகம், வினைவேகமாற்றி (கேட்டலிஸ்ட்) போட்டா கிளர்வு ஆற்றல் குறையும்னு இருக்கே, அதே பிணைப்புதான உடையணும், அது எப்படி குறையும்?

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்:

இல்ல. 298ல இருந்து 308க்கு சரியா ரெட்டிப்பாகணும்னா கிளர்வு ஆற்றல் 52.9 கிலோ ஜூல் இருக்கணும். அறை வெப்பத்துல நம்ம ஓரளவு நேரத்துல நடத்திப் பாக்க முடியுத நிறைய வினை அந்தப் பக்கத்துல வருததால அந்தப் பேச்சு நிலைச்சிட்டு. அந்தத் தடை, அதாவது கிளர்வு ஆற்றல், உயர உயர சூட்டோட தாக்கமும் கூடும், அதத்தான் உன் 3.707 சொல்லுது.

வினைவேகமாற்றி பழைய தடையக் குறைக்கல, வேற வழி காட்டுது. தென்காசியில இருந்து கொல்லத்துக்கு மலை உச்சியில ஏறியா போறோம், ஆரியங்காவு கணவாய் வழியா போறோம், மலை அதே உயரத்துலதான் நிக்கு. ஹைட்ரஜன் பெராக்சைட பாட்டில்ல வச்சா மெதுவாத்தான் சிதையும், புண்ணுல ஊத்துனா உடனே நுரைக்கும், ரத்தத்துல உள்ள கேட்டலேஸ் நொதி வேற படிகள் வழியா அதக் கூட்டிட்டுப் போகுது.

திசையமைவுக்கு பரீட்சையில தீக்குச்சிய எழுதாத, நைட்ரிக் ஆக்சைடையும் ஓசோனையும் எழுது, ஓசோன் நைட்ரஜன் இருக்க முனையில மோதுனாத்தான் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அந்த 3 மார்க் கேள்வி திரும்ப வந்தா, மோதல் எண்ணிக்கை கொஞ்சம் கூடும்னு ஒரு வரி, கிளர்வு ஆற்றலத் தாண்டுத மூலக்கூறுகளோட பின்னம் பல மடங்கு கூடும்னு ஒரு வரி, பக்கத்துல நிழலடிச்ச படம்.

பாளை மாவுக்கடை:

சார், அப்ப பனையேறுதவங்க பதநீர் கலயத்துல சுண்ணாம்பு தடவுததும் இதுதானா?

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்:

அது இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் அக்கா. சுண்ணாம்பு காரம், அந்தக் காரத்துல ஈஸ்ட்டும் அதோட நொதியும் ஒழுங்கா வேலை செய்ய முடியாது, அதனால புளிக்காம இனிப்பா நிக்கு. தடவாத கலயத்துல இறக்குனா வெயில் ஏறுததுக்குள்ள கள்ளாயிரும்.